குடிமைப் பணித் தேர்வு: படிப்பும் எழுத்தும்

2023-ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் 10,16,850 பேர். மே 28-ஆம் நாள் நடைபெற்ற முதனிலைத் தேர்வை எழுத வந்தோர் 5,92,141 பேர். அவர்களுள் முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றோர் 14,624 பேர்; நேர்முகத் தேர்வு வரை சென்றோர் 2,855 பேர்; முடிவில் பணிகளுக்குப் பரிந்துரைக்கப் பெற்றோர் 1,016 பேர். தேர்வு எழுத வந்தவர்களில் ஏறத்தாழ 580 பேருக்கு ஒருவர் என்று கணக்கு வருகிறது. அடுத்த ஆண்டுத் தேர்விலும் இவ்விகிதம் பெரிதும் மாறவில்லை.

இந்த எண்களைக் கண்டு மலைத்துப்போகும் மாணவர்கள் பலர். ஆனால் அதே ஆண்டின் மதிப்பெண் பட்டியலை அவர்கள் பார்ப்பதில்லை. மொத்த மதிப்பெண்களான 2,025-இல் நாட்டிலேயே முதலிடம் பெற்றவர் ஈட்டியது 1,099. பொதுப் பிரிவில் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப் பெற்றவர் பெற்றது 953. முன்னவர் 54 சதவீதம், பின்னவர் 47 சதவீதம். இருவருக்கும் இடையே உள்ள தூரம் 146 மதிப்பெண்களே. பள்ளியிலும் கல்லூரியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிப் பழகியவர்கள் கூடும் ஒரு தேர்வில், பாதியை எட்டுவதே அரிதாக இருப்பது ஏன்? அவர்கள் படிக்காததாலன்று. படித்ததை, கேட்ட கேள்விக்கு ஏற்ப, குறித்த நேரத்தில், குறித்த அளவில் எழுதிக் காட்டும் பயிற்சி இல்லாததே பெருங் காரணம் எனலாம். தேர்வாணையம் கேட்பது எழுத்தை. நம் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் செய்துவருவது வாசிப்பை.

தேர்வு வந்த வழி

கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியில் அதன் இயக்குநர்களின் பரிந்துரை பெற்ற இளைஞர்களே இங்கிலாந்திலுள்ள ஹெய்லிபரி கல்லூரியில் பயின்று இந்தியாவில் அதிகாரிகளாயினர். 1853-ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் இந்தப் பரிந்துரை முறைக்கு முடிவு கட்டியது. மெக்காலே தலைமையில் அமைந்த குழு 1854-இல் அளித்த அறிக்கையின் வழியே, 1855-இல் லண்டனில் முதல் திறந்த போட்டித் தேர்வு நடைபெற்றது. 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் அதில் தேறிய முதல் இந்தியர் ஆனார். கடல் கடந்து செல்ல வேண்டிய நிலை 1922-இல்தான் மாறியது. அவ்வாண்டு முதல் இத்தேர்வு அலகாபாத்திலும் நடைபெறலாயிற்று. லீ கமிஷனின் பரிந்துரையை அடுத்து 1926 அக்டோபர் முதல் நாள் தேர்வாணையம் தோன்றியது. 1950 சனவரி 26 முதல் அது அரசியலமைப்புச் சட்டம் நிறுவிய மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமாக விளங்குகிறது.

இன்றைய தேர்வின் உருவம் பெரும்பாலும் டாக்டர் டி. எஸ். கோத்தாரி குழுவின் கொடையாகும். 1974-இல் அமைக்கப்பெற்ற அக்குழு 1976-இல் அறிக்கை அளித்தது. முதனிலை, முதன்மை, நேர்முகம் என்னும் மூன்று படிகள் 1979-ஆம் ஆண்டுத் தேர்வு முதல் நடைமுறைக்கு வந்தன. 1993-இல் கட்டுரைத் தாள் சேர்ந்தது. 2011-இல் முதனிலைத் தேர்விலிருந்து விருப்பப் பாடம் நீங்கி, நுண்ணறிவுத் தாள் என்று வழங்கும் இரண்டாம் தாள் புகுந்தது. கிராமப்புற மாணவர்களுக்கும் ஆங்கிலவழிப் படிக்காதவர்களுக்கும் அத்தாள் பாதகமானது என்று 2014-இல் தில்லியில் பெருங் கிளர்ச்சி எழவே, 2015 முதல் அது வெறும் தகுதித் தாள் ஆயிற்று.

இம்மாற்றங்களுள் தயாரிப்பு முறையையே புரட்டிப் போட்டது 2013-ஆம் ஆண்டு மாற்றம். அதற்கு முன் விருப்பப் பாடங்கள் இரண்டு. அவற்றின் நான்கு தாள்களுக்கு 1,200 மதிப்பெண்கள். மொத்தமான 2,300-இல் அது பாதிக்கும் மேல். கணிதத்திலோ வரலாற்றிலோ ஆழ்ந்த புலமை உடையவர் அந்தப் புலமையைக் கொண்டே கரையேற முடிந்த காலம் அது. இன்று விருப்பப் பாடம் ஒன்றே. அதன் இரு தாள்களுக்கு 500 மதிப்பெண்கள். மொத்தத்தில் கால் பங்கு. பொதுப் பாடத் தாள்கள் நான்கும் கட்டுரைத் தாளும் சேர்ந்து 1,250 மதிப்பெண்களைத் தாங்கி நிற்கின்றன. ஒரு துறையில் ஆழம் என்பதிலிருந்து பல துறைகளையும் இணைத்து எழுதும் திறன் என்பதற்குத் தேர்வின் எடை பெயர்ந்துவிட்டது. பயிலும் முறையோ பல இடங்களில் பழைய தடத்திலேயே ஓடுகிறது.

முதனிலை: வடிகட்டும் படி

முதனிலைத் தேர்வின் மதிப்பெண் இறுதிக் கணக்கில் சேர்வதில்லை. காலியிடங்களைப் போல் 12 அல்லது 13 மடங்கு எண்ணிக்கையினரை அடுத்த படிக்கு அனுப்பி வைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. முதல் தாளில் 100 வினாக்கள், 200 மதிப்பெண்கள். இரண்டாம் தாளில் 80 வினாக்கள், 200 மதிப்பெண்கள்; அதில் 33 சதவீதம், அதாவது 66 மதிப்பெண்கள் பெறாதவரின் முதல் தாள் எத்தனை சிறந்ததாயினும் பயனில்லை. இரண்டும் இரண்டிரண்டு மணி நேரம்.

2023-இல் பொதுப் பிரிவினர் முதல் தாளில் தகுதி பெறத் தேவைப்பட்டது 75.41 மதிப்பெண். 2024-இல் அது 87.98. இருநூறில் பாதிக்கும் குறைவு என்பதைக் கருத வேண்டும். எல்லாவற்றையும் படித்துத் தீர்க்க வேண்டும் என்ற அச்சத்தால் புத்தகத்தின் மேல் புத்தகமாக வாங்கி அடுக்குவோருக்கு இந்த எண்ணே மறுமொழி. நான்கு நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்தவர், நாற்பது நூல்களை ஒருமுறை புரட்டியவரைவிட இங்கு நல்ல நிலையில் இருக்கிறார்.

2007 முதல் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படுகிறது. இதன் கணக்கை மாணவர்கள் ஒருமுறை தாங்களே போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு வினாவுக்கு நான்கு விடைகள் தரப்படுகின்றன. ஒன்றுமே தெரியாமல் குறித்தால், நான்கில் ஒரு முறை 2 மதிப்பெண் கிடைக்கும். மூன்று முறை 0.67 வீதம் போகும். வரவும் செலவும் சரியாகி நிகரம் சூன்யம். நான்கில் ஒரு விடை தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், எஞ்சிய மூன்றில் ஒன்றைக் குறிப்பதில் சராசரியாக 0.22 மதிப்பெண் ஆதாயம். இரண்டை நீக்க முடிந்தால் 0.67 ஆதாயம். ஆகவே கண்ணை மூடிக் குறிப்பதும் வீண். இரண்டை நீக்கிய பின்னும் அஞ்சிக் கையைக் கட்டிக்கொள்வதும் இழப்பே. இந்தத் துணிவு தேர்வு நாளன்று பிறப்பதன்று. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைக் கடிகாரத்தை முன்வைத்து எழுதிப் பார்த்து, தாம் குறித்த ஊக விடைகளில் எத்தனை சரியாயின என்று எண்ணிப் பார்த்தவருக்கே அது வாய்க்கும். அவ்வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையத்தளத்திலேயே விலையின்றிக் கிடைக்கின்றன.

இரண்டாம் தாளைப் பொறியியல் மாணவர்கள் எளிது என்று தள்ளிவிடுவதும், கலைப் பாட மாணவர்கள் கடைசி வாரத்துக்கு ஒத்திவைப்பதும் வழக்கம். தவறே இல்லாமல் 27 வினாக்களுக்கு விடை தந்தால் 66-ஐத் தாண்டிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் கணக்கிலும் பத்தி வாசிப்பிலும் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு அந்த 27 எளிதில் சேர்வதில்லை.

முதன்மை: எழுதும் படி

முதன்மைத் தேர்வில் தாள்கள் ஒன்பது. இந்திய மொழித் தாளும் ஆங்கிலத் தாளும் தலா 300 மதிப்பெண் கொண்ட தகுதித் தாள்கள். ஒவ்வொன்றிலும் 25 சதவீதம் பெற்றால் போதும். அருணாசலப் பிரதேசம், மணிப்பூர், மேகாலயா, மிசோரம், நாகாலாந்து, சிக்கிம் ஆகிய மாநிலத்தவருக்கு இந்திய மொழித் தாளிலிருந்து விலக்கு உண்டு. எஞ்சிய ஏழு தாள்களும் தலா 250 மதிப்பெண். ஆக மொத்தம் 1,750. நேர்முகத் தேர்வுக்கு 275. இறுதி மதிப்பெண்ணில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்குக்கு மேல் எழுத்துத் தாள்களிலிருந்தே வருகிறது.

பொதுப் பாடத் தாள் ஒன்றில் வழக்கமாக 20 வினாக்கள் இருக்கும். பத்து வினாக்களுக்கு 150 சொற்களிலும், பத்து வினாக்களுக்கு 250 சொற்களிலும் விடை எழுத வேண்டும். மூன்று மணி நேரத்தில் 4,000 சொற்கள். ஒரு வினாவுக்குச் சராசரியாக ஒன்பது நிமிடம். படிப்பது, சிந்திப்பது, எழுதுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதே நாள் பிற்பகலில் இன்னொரு தாள் காத்திருக்கும். நாள் முழுதும் கைவலிக்க எழுதிப் பழகாத ஒருவர், எவ்வளவு கற்றவராயினும், பதினைந்தாம் வினாவுக்கு மேல் தடுமாறுவது இயல்பு. கடைசி மூன்று வினாக்களை விட்டுவிட்டு வருவதால் போகும் மதிப்பெண்ணை, முதல் மூன்று விடைகளை அழகாக எழுதி ஈடு செய்ய இயலாது.

எழுதுவது என்பது தெரிந்ததைக் கொட்டுவது அன்று. மாதிரிக்கு ஒரு வினாவைக் கொள்ளலாம்: ‘அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் குறிக்கப்பட்டிருந்தும், ஊராட்சிகள் தன்னாட்சி அமைப்புகளாக முழுமை பெறவில்லை. காரணங்களை ஆராய்க.’ 150 சொற்கள்.

நன்கு படித்த மாணவர் ஒருவர் இதைக் கண்டதும் மகிழ்ந்து, 1957-ஆம் ஆண்டின் பல்வந்தராய் மேத்தா குழுவிலிருந்து தொடங்குவார். 1959-இல் ராஜஸ்தானின் நாகௌரில் பஞ்சாயத்து ராஜ் தொடங்கியதைச் சொல்வார். 1978-இல் வந்த அசோக் மேத்தா குழு அறிக்கை, 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது திருத்தம், 1993 ஏப்ரல் 24-இல் அது நடைமுறைக்கு வந்தது என்று வரிசையாக வரும். எல்லாம் உண்மை. ஆனால் 110 சொற்கள் தீர்ந்துவிட்டன. கேட்ட கேள்விக்கு அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. வினா வரலாற்றைக் கேட்கவில்லை, காரணங்களைக் கேட்கிறது.

வினாவை உணர்ந்தவர் 243-ஜி பிரிவிலிருந்து தொடங்குவார். அப்பிரிவு ஊராட்சிகளுக்கு நேரே அதிகாரம் தரவில்லை. மாநிலச் சட்டமன்றம் தரலாம் என்று மட்டுமே சொல்கிறது. அட்டவணையில் பொருள் இருப்பதாலேயே அது கைக்கு வந்துவிடாது என்பது முதற் காரணம். வரி விதிக்கும் உரிமையையும் மாநிலமே அளிக்க வேண்டியிருப்பதும், சொந்த வருவாய் சுருங்கி இன்ன வேலைக்கு என்று கட்டிவைத்த மானியங்களையே ஊராட்சிகள் நம்பியிருப்பதும் இரண்டாவது. பணியைச் செய்யும் அலுவலர்கள் ஊராட்சிக்கன்றித் தத்தம் துறைக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது மூன்றாவது. மாநில அரசு மனம் வைத்தால் நிலைமை மாறும் என்பதற்கு, 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் வாயிலாகக் கேரளம் தன் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்ததை ஒரு வரியில் காட்டலாம். இந்த விடையில் உள்ள செய்திகள் முன்னைய விடையைவிடக் குறைவு. மதிப்பெண் கூடுதல்.

ஒரு வினாவில் இறுதியாக நிற்கும் ஏவல் சொல்லே அதன் உயிர்நிலை. விவரிக்க, விளக்குக, ஆராய்க, மதிப்பிடுக, திறனாய்க என்பன ஒரே பொருள் தருவன அல்ல. ‘விவரிக்க’ என்னும்போது செய்திகள் போதும். ‘ஆராய்க’ என்றால் ஏன் என்பதற்கு விடை வேண்டும். ‘திறனாய்க’ என்றால் இருபுறமும் சீர்தூக்கி ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஓர் அலுவலகக் கோப்பில் குறிப்பு எழுதும் அதிகாரியிடம் எதிர்பார்க்கப்படுவதும் இதுவே. அமைச்சரோ செயலரோ கேட்ட கேள்விக்கு ஒரு பக்கத்துள் விடை தராமல் துறையின் வரலாற்றை எழுதி அனுப்பும் அதிகாரியால் எவருக்கும் பயனில்லை. இத்தேர்வைப் பற்றிப் பலரும் பல குறை கூறுவர். இவ்வொரு பொருளில் அது செய்யும் சோதனை பணிக்குப் பொருத்தமானது என்பதை மறுப்பதற்கில்லை.

கட்டுரைத் தாளில் இரண்டு கட்டுரைகள். ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொற்கள். தலா 125 மதிப்பெண்கள். நான்காம் பொதுப் பாடத் தாள் அறநெறியைப் பற்றியது. அதன் பாதி, நிகழ்ச்சி ஆய்வுகளால் ஆனது. வெள்ள நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி மேலிடத்தின் நெருக்குதல் வந்தால் ஓர் அலுவலர் என்ன செய்வார் என்ற வகையிலான வினாக்களுக்கு, நேர்மையே சிறந்தது என்று எழுதிவிட்டு வருவது விடையாகாது. எந்த விதியின்கீழ், எவருக்கு எழுத்தில் தெரிவித்து, பாதிக்கப்பட்டவருக்கு இதற்கிடையே எவ்வகையில் உதவி கிடைக்கச் செய்வார் என்று படிப்படியாகக் கூற வேண்டும்.

எழுதும் மொழி

1979-ஆம் ஆண்டுத் திட்டத்தின் மிகப் பெரிய சமூகப் பயன், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலும் விடை எழுதும் வாய்ப்பு விரிந்ததாகும். அன்று அம்மொழிகள் 15, இன்று 22. தமிழில் எழுதுபவர் தமிழிலேயே நேர்முகத் தேர்வுக்கும் விடை கூறலாம். ஆயினும் மொழி, இலக்கியத் தாள்கள் நீங்கலாக ஏனைய வினாத்தாள்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சிடப்படுகின்றன. ஆகவே தமிழில் எழுதும் மாணவர் ஆங்கில வினாவைப் பிழையறப் புரிந்துகொள்ளும் அளவு ஆங்கிலத்தையும், அதைத் தமிழில் சிந்தித்து எழுதும் ஆற்றலையும் ஒருங்கே பெற்றாக வேண்டும். இது கூடுதல் சுமை என்பதை மறைப்பதில் பயனில்லை.

சுமை எங்கே கனக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ‘நிதிப் பற்றாக்குறை’ என்ற தொடரை நாள்தோறும் செய்தித்தாளில் காண்கிறோம். ஊராட்சியில் தெருவிளக்கு மாற்றப் பணமில்லை என்பதற்கும் அச்சொல்லே வழங்குகிறது. பொருளாதாரத்தில் அதற்குக் கண்டிப்பான பொருள் உண்டு: அரசின் மொத்தச் செலவிலிருந்து, கடன் நீங்கலான மொத்த வரவைக் கழித்தால் எஞ்சும் தொகை. வருவாய்ப் பற்றாக்குறை என்பது வேறு; முதனிலைப் பற்றாக்குறை என்பது வேறு. இவற்றை ஒன்றன் இடத்தில் ஒன்று எழுதினால் திருத்துபவர் மாணவருக்குப் பொருளாதாரமே தெரியாது என்று முடிவு செய்துவிடுவார். இதற்காகவே, இந்திய மொழியில் எழுதுவோர் கலைச்சொற்களுக்கு மட்டும் அடைப்புக்குள் ஆங்கில வடிவத்தையும் தரலாம் என்று தேர்வு விதிகள் இடமளிக்கின்றன. கலைச்சொல் அல்லாதவற்றுக்கும் அந்தச் சலுகையைப் பயன்படுத்தினால் மதிப்பெண் கழியும். ஒவ்வொரு பாடத்துக்கும் இருநூறு முந்நூறு கலைச்சொற்களைத் தொகுத்து, ஒரு கருத்துக்கு ஒரே சொல் என்று உறுதி செய்துகொண்டு, அதையே முதல் நாளிலிருந்து கையாள்வது தமிழ்வழி மாணவருக்கு வேறெந்தப் பயிற்சியினும் பயன் தரும்.

சொல்லளவைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களாக நிற்பது தமிழில் ‘செயல்படுத்தப்படாமையால்’ என ஒரே சொல்லாக முடிந்துவிடும். ஆதலின் 150 சொல் வரம்பு தமிழில் சற்றுத் தாராளமானதே. ஆனால் கை எழுதும் தூரம் குறைவதில்லை. சொற்களை எண்ணுவதைவிட நேரத்தை எண்ணிப் பழகுவதே தமிழில் எழுதுபவருக்கு உகந்தது.

விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த குழப்பம் நிலவுகிறது. பட்டியலில் 25 பாடங்களும், தமிழ் உட்பட 23 மொழிகளின் இலக்கியங்களும் உள்ளன. எந்தப் பாடம் ‘மதிப்பெண் தரும்’ என்ற வதந்தி ஆண்டுதோறும் மாறுகிறது. தாம் பட்டப் படிப்பில் விரும்பிக் கற்ற பாடம், நல்ல நூல்கள் தம் மொழியில் கிடைக்கும் பாடம், பொதுப் பாடத் தாள்களுக்கும் ஓரளவு துணை செய்யும் பாடம் என்பவற்றுள் முதலாவதற்கே முதலிடம் தரத்தக்கது. விருப்பமற்ற பாடத்தை இரண்டு ஆண்டு படிப்பது மனத்தைச் சோர்வடையச் செய்யும்.

நேர்முகத் தேர்வு ஏறத்தாழ அரை மணி நேர உரையாடல். அறிவைச் சோதிப்பதன்று அதன் நோக்கம்; அது முன்பே சோதிக்கப்பட்டுவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தெளிவும், பிறந்த மாவட்டத்தையும் படித்த பாடத்தையும் பற்றிய உண்மையான அக்கறையும் அங்குப் பேசும்.

பயிற்சி நிலையங்கள்

தில்லியின் முகர்ஜி நகரும் பழைய ராஜேந்திர நகரும் இத்தேர்வையே நம்பி வாழும் பேட்டைகளாகிவிட்டன. அறை வாடகை, உணவு, பயிற்சிக் கட்டணம் என்று ஒரு குடும்பத்தின் சேமிப்பு அங்கே கரைகிறது. 2024 சூலை 27-ஆம் நாள் பழைய ராஜேந்திர நகரில், நிலவறையில் இயங்கிய ஒரு நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூவர் உயிரிழந்தனர். அந்நிகழ்ச்சிக்குப் பிறகே அவ்வட்டாரத்தின் நெரிசலும் நிலவறைகளும் நாட்டின் கண்ணில் பட்டன.

விளம்பரங்களைப் பொறுத்தவரை மாணவர்களும் பெற்றோரும் விழிப்புடன் இருக்க வேண்டும். ஒரே வெற்றியாளரின் படத்தைப் பல நிலையங்கள் வெளியிடுவதை எவரும் காணலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய விளம்பரங்களை ஆராய்ந்து பல நிலையங்களுக்கு அபராதம் விதித்துள்ளது. படம் வெளியான வெற்றியாளர்களில் பலர், எழுத்துத் தேர்வில் தேறிய பின்னர் அந்நிலையங்களின் கட்டணமற்ற நேர்முகப் பயிற்சிக்கு மட்டுமே சென்றவர்கள் என்பது அந்த ஆய்வுகளில் வெளிப்பட்டது. 2024 நவம்பரில் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வெற்றியாளர் எந்தப் பயிற்சியில், எவ்வளவு காலம் சேர்ந்திருந்தார் என்பதை விளம்பரத்திலேயே குறிக்க வேண்டும் என்கின்றன. ஒரு நிலையத்தில் சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மணி நேரம் விரிவுரை என்பதன்று. மாணவர் எழுதும் விடைகளைத் திருத்துபவர் யார், வாரத்துக்கு எத்தனை விடைகள் திருத்தப்படும், திருத்தம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பனவே.

அரசு சார்பில் நடத்தப்பெறும் இலவசப் பயிற்சிகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டின் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் போன்ற ஏற்பாடுகள், தில்லிக்கோ சென்னைக்கோ செல்ல இயலாத மாணவர்களுக்குப் பெருந்துணை. அவற்றில் விரிவுரைக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை விடைத் திருத்தத்துக்குத் திருப்பினால் அதே செலவில் பயன் மிகும். ஓய்வு பெற்ற பேராசிரியர்கள், துணை ஆட்சியர்கள், கருவூல அதிகாரிகள் என எழுத்தை எடைபோடத் தெரிந்தவர்கள் எந்த மாவட்டத்திலும் இருக்கிறார்கள். மாணவர் பத்துப் பேர் தம்முள் விடைகளை மாற்றிக்கொண்டு படிப்பதற்கு அதுவும் வேண்டியதில்லை. ஒரு மேசையும் ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

ஆண்டுகளின் கணக்கு

பொதுப் பிரிவினர் 21 வயது முதல் 32 வயது வரை ஆறு முறை தேர்வெழுதலாம். இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 35 வயது வரை ஒன்பது முறை. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 37 வயது வரை எண்ணிக்கை வரம்பு இல்லை. விண்ணப்பிப்பது மட்டும் ஒரு முயற்சியாகக் கணக்கிடப்படுவதில்லை. முதனிலைத் தேர்வின் ஒரு தாளையேனும் எழுதினால்தான் அது கணக்கில் சேரும். 2023-இல் விண்ணப்பித்துவிட்டு வராத 4,24,709 பேர் முயற்சி எதையும் இழக்கவில்லை. ஆயத்தம் போதாது என்று உணர்ந்து ஒதுங்கியவர்கள் அவர்களுள் இருப்பின், அவர்கள் செய்தது சரியே.

ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஓராண்டுக்கு மேல் ஆகிறது. 2023-ஆம் ஆண்டுத் தேர்வின் இறுதி முடிவு 2024 ஏப்ரல் 16-இல் வெளியாயிற்று. அடுத்த முதனிலைத் தேர்வு சரியாக இரண்டு மாதம் கழித்து சூன் 16-இல் நடந்தது. நேர்முகம் வரை சென்று பட்டியலில் இடம் பெறாதவர், மனம் தேறுவதற்குள் மறுபடி முதற்படியில் நிற்க வேண்டும். ஆறு சுற்றுகள் என்றால் இருபதுகளின் பெரும்பகுதி. எனவே முதல் முயற்சிக்கு முன்பே, எத்தனை ஆண்டுகளை இதற்கு ஒதுக்குவது என்று வீட்டாருடன் கலந்து முடிவு செய்து, அந்த எல்லையை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மாநிலத் தேர்வாணையங்களின் முதல் தொகுதித் தேர்வுகளுக்குரிய பாடங்கள் இதனோடு பெரிதும் ஒத்திருப்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதலாம். ஒரு பணியில் அமர்ந்துகொண்டே எழுதித் தேறியவர்களும் ஆண்டுதோறும் பட்டியலில் இருக்கின்றனர்.

2023-ஆம் ஆண்டில் நேர்முகம் வரை சென்று திரும்பியவர்கள் 1,839 பேர். ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முந்தி வந்த அவர்களின் கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. வேலை தேடும் இடத்தில், நான்கைந்து ஆண்டு என்ன செய்தீர்கள் என்ற கேள்வியே அவர்களை எதிர்கொள்கிறது. இத்தகையோரில் இசைவு தருபவர்களின் விவரங்களை வேலையளிப்போர் பார்வைக்கு வைக்கும் முறையைத் தேர்வாணையம் 2018 முதல் நடத்திவருகிறது. 2025-இல் அது ‘பிரதிபா சேது’ என்னும் பெயரில் விரிவாக்கப்பட்டுப் பொதுத்துறை, தனியார் நிறுவனங்கள் பதிவு செய்துகொண்டு தேடும் வகையில் அமைந்துள்ளது. அதில் பெயர் சேர விரும்புபவர் முன்னதாக இசைவு தெரிவித்திருக்க வேண்டும். மனம் வெற்றியையே நினைத்திருக்கும் வேளையில் கேட்கப்படும் அந்தக் கேள்வியைப் பலர் கவனியாது கடந்துவிடக் கூடும். விண்ணப்பத்தை நிரப்பும்போது அதையும் நின்று படிப்பது நன்று.